பழைய சைக்கிளை மூன்று சக்கரமாக்க எந்த வண்டியை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரு சக்கரங்கள் கொண்ட அச்சைப் பொருத்தி மூன்று சக்கர வண்டியாக்குவது பலரும் செய்கிற வேலைதான். இரண்டு சக்கரத்தில் நிதானம் தவறுகிற பெரியவருக்காகச் செய்வார்கள், சுமை ஏற்றவும் செய்வார்கள். வேலையைத் தொடங்கும் முன் எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம். அதில் தவறினால், பிறகு எவ்வளவு நன்றாக வெல்டிங் வைத்தாலும் பயனில்லை.

எந்தப் பழைய சைக்கிளையும் மாற்றிவிடலாமா?

பெரும்பாலானவற்றை மாற்றலாம். ஆனால் ஓட்டுவதற்காகப் பழைய சைக்கிள் வாங்கும்போது பார்க்கிற பார்வை இங்கே உதவாது. பின்சக்கரம் நெளிந்திருக்கிறதா? பின் பற்சக்கரமான ஃப்ரீவீல் வழுக்குகிறதா? பின் பிரேக் பிடிக்கவில்லையா? கவலையே வேண்டாம், அதெல்லாம் எப்படியும் கழன்று போகப்போகிறது. பின்பக்கம் பாழான வண்டி மலிவாகக் கிடைத்தால் நமக்கு லாபம்தான்.

முன்பாதியின் கதை வேறு. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்துகொள்வதால் அதன் ஃபோர்க்குக்கு, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கு, பக்கவாட்டு அழுத்தம் அதிகம் வருவதில்லை. மூன்று சக்கர வண்டி சாயாது. திரும்பும்போதெல்லாம் முன்சக்கரமும் ஃபோர்க்கும் ஹேண்டில் பேரிங்கும் பக்கவாட்டில் தள்ளுப்படும். போதாக்குறைக்கு, பல மாற்று வண்டிகளில் முழு பிரேக் வேலையும் முன்சக்கரத்தின் தலையில்தான் விழுகிறது. ஆகவே நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு ஃபிரேமையும் அதன் முன்பாதியையும்தான். விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

இரண்டு சக்கரம் பின்னால் வருவது நல்லதா, முன்னால் வருவது நல்லதா?

பழைய சைக்கிளை மாற்றுகிறீர்கள் என்றால் பின்னால். முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் வண்டி நிலையாக நிற்கும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதல் கோணத்தில் திரும்ப வேண்டும். அதற்கான இணைப்புக் கம்பிகளைக் கணக்குப் போட்டுச் செய்வது தனி வேலை. சுமைப் பெட்டியோடு முழு முன் அச்சையும் நடுவில் ஒரு முளையில் திருப்புகிற முறை எளிது என்றாலும் அதற்கும் ஃபிரேமின் முன்பகுதியை வெட்ட வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

ரெடிமேடு கிட் வாங்கிப் பொருத்துவதா, வெல்டிங் வைத்துச் செய்வதா?

சைக்கிளைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். எந்த ஃபிரேம் பொருந்தும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

கிட் என்பது அச்சு, இரண்டு சக்கரம், பற்சக்கரம், தாங்கு சட்டம் எல்லாம் சேர்ந்து வருவது. பின்சக்கர அச்சு உட்காரும் பிளவுகளில் அது போல்ட்டு போட்டு நிற்கும். கூடவே ஒரு தாங்கு கம்பி ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பின்குழாய்கள் உருண்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குத் துண்டும் வேண்டும். அலங்காரமாக வளைத்த குழாய், தட்டைக் குழாய், பெடல்களைத் தாங்கும் கிராங்குக்கு மேலே உயர்ந்து போகும் குழாய் உள்ள ஃபிரேம்களில் கிளாம்பு சரியாகப் பிடிக்காது.

வெல்டிங் வைப்பதென்றால் குழாயின் வடிவம் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே முக்கியம் உலோகம்.

அலுமினிய ஃபிரேம் லேசாக இருக்கிறதே, அதை எடுக்கலாமா?

கிட் பொருத்த மட்டும் என்றால், உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் எடுக்கலாம். வெல்டிங்குக்கு வேண்டாம். சைக்கிள் ஃபிரேமுக்கான அலுமினியக் கலவைகளில் பல, 6061 உட்பட, வெல்டிங் வைத்த பிறகு சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் வரும். அதைச் செய்யாமல் விட்டால் பற்றுக்கு, அதாவது வெல்டிங் வைத்த இணைப்புக்கு, பக்கத்தில் உலோகம் மென்மையாகவே கிடக்கும். மேலே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. கார்பன் ஃபிரேமைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆக, இரும்புதான். சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஆனால் இரும்பிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, குழாயின் தடிமன். விலை உயர்ந்த பழைய பந்தய சைக்கிள்களின் குழாய்கள் முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். நடுப்பகுதி 0.6 மி.மீ. அளவுக்குக்கூட மெலிந்திருக்கலாம். சாதாரண ஆர்க் வெல்டிங் அதில் ஓட்டை போட்டுவிடும். கனமான, யாரும் பெருமையாகப் பேசாத சாதா சைக்கிளின் தடித்த குழாய்தான் இந்த வேலைக்கு ஏற்றது. தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறதே என்று ஒதுக்கிய வண்டியை இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டு, ஃபிரேமை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பது. குழாய்கள் சேரும் இடத்தில் உறை போன்ற துண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் பித்தளைப் பற்று. அந்த இடத்தில் நேராக வெல்டிங் வைக்கக் கூடாது. உருகிய பித்தளை சூடான இரும்பின் உள்ளே ஊடுருவி விரிசலை உண்டாக்கும். அந்தச் சந்திப்புகளிலிருந்து விலகி வெல்டிங் வையுங்கள், அல்லது நீங்களும் பித்தளைப் பற்றே வையுங்கள். குரோமியமோ துத்தநாகமோ பூசிய இடமென்றால் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் நெருப்பு வைக்க வேண்டும். அந்தப் புகை நஞ்சு.

பார் வைத்ததா, பார் இல்லாததா?

சுமை வண்டிக்கு எதுவானாலும் சரி. ஆள் ஓட்டுவதற்கென்றால், குறிப்பாக முழங்கால் வலியோ நிதானக் குறைவோ உள்ளவருக்கு, பார் இல்லாததுதான். இரண்டு சக்கர வண்டியைச் சாய்த்துக் காலைத் தூக்கிப் போடலாம். மூன்று சக்கர வண்டியைச் சாய்க்க முடியாது, பின்னால் கூடை வேறு இருக்கும், காலைப் பின்புறமாக வீசி ஏறவும் வழியில்லை. உள்ளே நுழைந்து உட்கார்வதுதான் ஒரே வழி.

ஒரு எச்சரிக்கை. பார் இல்லாத ஃபிரேம்களில் சிலவற்றுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒற்றைக் குழாய்தான் இருக்கும். மூன்று சக்கர வண்டியில் பின் அச்சு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மொத்த ஃபிரேமையும் முறுக்கும். ஒற்றைக் குழாய் அந்த முறுக்கலுக்கு நன்றாகவே வளைந்துகொடுக்கும். இரண்டு குழாய்கள் இணையாகக் கீழிறங்குகிற வகை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயரமான ஃபிரேம் எடுக்க வேண்டும்?

ஓட்டுபவருக்குப் பொருந்துகிறவற்றில் சிறியதை எடுங்கள். சீட் தண்டை உயர்த்திக்கொள்ளலாம், பெரிய ஃபிரேமைக் குறுக்க முடியாது. ஆனால் உயரத்தில் இன்னொரு முக்கியமான கணக்கு இருக்கிறது. கவிழ்வது.

மூன்று சக்கரம் வைத்தால் விழாது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். நின்றால் விழாது, உண்மை. வேகமாகத் திரும்பினால் கவிழும். பின்னால் இரண்டு சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ. என்று வையுங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், நீளவாக்கில் முன் அச்சிலிருந்து 60 சதவீதத் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு சுமார் 11 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். 11 கி.மீ. என்பது சும்மா மிதித்தாலே வருகிற வேகம்.

அதே வண்டியில் எடை மையத்தை 15 செ.மீ. இறக்கினால் அது 12 கி.மீ. ஆகிறது. கூடவே சக்கர இடைவெளியை 90 செ.மீ. ஆக்கினால் 13, 14 வரை போகிறது. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம், ஆனால் கவிழ்கிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நடைமுறையில் நன்றாகவே தெரியும். ஆக, கிராங்க் தாழ்ந்த, சீட்டைக் கீழே இறக்க முடிகிற, சின்னச் சக்கர வண்டியாகப் பாருங்கள். சுமையையும் பின் அச்சுக்குப் பக்கத்தில் தாழ வைக்க வேண்டும். பெட்டியை உயரே கட்டினால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

அகலத்தைக் கூட்டுவதற்கு முன் வண்டி நுழைய வேண்டிய மிகக் குறுகலான கதவையோ கேட்டையோ அளந்துவிடுங்கள். செய்து முடித்த பிறகு அளப்பவர்களும் உண்டு.

சக்கர அளவு எது நல்லது?

சின்னது. 28 அங்குலத்தைவிட 26, அதைவிட 20 அங்குலம்.

காரணம் ஸ்போக்ஸ். சைக்கிள் சக்கரம் மேலிருந்து கீழாக வரும் எடையை அருமையாகத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளல் அதற்குப் பழக்கமில்லை. மூன்று சக்கர வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தள்ளல் வரும். விட்டம் பெரிதாக ஆக, ஸ்போக்ஸ் விரியும் கோணம் குறையும், சக்கரம் எளிதில் கோணும். கியர் வைத்த சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் மோசம். பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக ஒருபக்க ஸ்போக்ஸ் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். அந்தப் பக்கமாகத் தள்ளினால் தாங்காது. எனவே பழைய கியர் சைக்கிள் இரண்டின் பின்சக்கரங்களைக் கழற்றிப் பொருத்திவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

அச்சு இன்னொரு சிக்கல். சாதாரண சைக்கிள் அச்சு 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு, இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. அதை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிறுத்தினால் வளைந்துவிடும், ஒரு நாள் உடையும். ஒருபக்கத் தாங்கலுக்கென்றே செய்த சக்கரங்கள் வேண்டும். சக்கர நாற்காலியின் பெரிய சக்கரம் அந்த வகைதான், அதன் அச்சு பெரும்பாலும் 12.7 மி.மீ. அப்படிக் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளிப்பக்கமும் ஒரு தாங்கு சட்டம் வைத்து அச்சை இரண்டு பக்கமும் பிடிக்கலாம். வண்டி அகலமாகும், அசிங்கமாகவும் இருக்கும், ஆனால் நிற்கும்.

முன்சக்கரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 36 ஸ்போக்ஸ் உள்ளதாக இருந்தால் நல்லது.

பின் அச்சு உட்காரும் பிளவு எப்படி இருக்க வேண்டும்?

கிடைமட்டமாக. அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்க அது உதவும். செங்குத்துப் பிளவென்றால் செயினை இறுக்கத் தனியாக ஓர் உருளை வைக்க வேண்டிவரும்.

இரண்டு பிளவுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பல் சாதா சைக்கிளில் 110 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும், பழைய கியர் பந்தய வண்டியில் 126, மலை சைக்கிளில் 135. கிட் விற்பவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

முன்பக்கத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் ஃபோர்க். பக்கத்தில் நின்று பாருங்கள். ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாயின் கோடு அப்படியே ஃபோர்க்கின் மேற்பகுதியில் தொடர வேண்டும். ஃபோர்க் பின்பக்கமாக மடங்கியிருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கிறது. அப்படி மோதிய வண்டியில் முன்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்ச்சாய்வுக் குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து ஹேண்டில் பேரிங். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கப்பும் கோனும் தளர்ந்திருக்கின்றன. இறுக்கினால் சரியாகிவிடலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் கப் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. மாற்ற வேண்டும், மாற்றக்கூடியதுதான்.

பிரேக்தான் பெரிய விஷயம். பின்சக்கரம் போனதோடு பின் பிரேக்கும் போகிறது. புதிய அச்சில் டிஸ்க்கோ டிரம்மோ வைத்தால் நல்லது. இல்லாவிட்டால் முன்சக்கரத்திலேயே தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் வேண்டும். ரிம்மில் ஒன்று, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் ஒன்று என்று பொருத்தப் பழைய மூன்று சக்கர வண்டிக்காரர்கள் கண்ட வழி இது. எனவே ரிம் பிரேக்கும் டிஸ்க்கும் இரண்டையும் பொருத்த இடமுள்ள ஃபோர்க் கிடைத்தால் விடாதீர்கள். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் பிரேக் வழுக்கும், அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். பழைய ராட் பிரேக்கை மட்டும் நம்பி ஒரு பெரியவரை இறக்கத்தில் அனுப்பாதீர்கள்.

நிறுத்தி வைக்கவும் பிரேக் வேண்டும். இந்த வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்பதில்லை, சரிவில் விட்டால் தானாக உருளும். பிரேக் லீவரைப் பிடித்து வைக்க ஒரு பட்டையோ தடித்த ரப்பர் வளையமோ போதும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல் போதும். ஒரு பக்கப் பின்பிளவில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் ஃபிரேம் கோணியிருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுபவர் தன்னை அறியாமலே சாய்ந்து இதைச் சமாளித்துவிடுவார். மூன்று சக்கரத்தில் சமாளிக்க வழியில்லை, வண்டி எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

துரு எவ்வளவு இருக்கலாம்?

மேலே இருந்தால் துடைத்துவிடலாம். உள்ளே இருந்தால் யோசிக்க வேண்டும். சீட் தண்டைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் இறங்கித் தேங்குவது கிராங்க் அச்சு இருக்கும் கூட்டில்தான், அந்தக் கூட்டின் அடிப்பகுதியை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் கைவிட்டுவிடுங்கள். சீட் தண்டு கழலவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். உயரத்தைச் சரிசெய்ய முடியாத வண்டி ஓட்டுபவருக்கு எப்படிப் பொருந்தும்?

விரிசலைத் தேட அழுக்கைத் துடைத்துவிட்டு, பற்றுகளுக்குப் பக்கத்திலும் பின்பிளவுகளைச் சுற்றியும் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர் கோடாகத் துரு கசிந்திருந்தால் அங்கே விரிசல் இருக்க வாய்ப்புண்டு.

இரண்டு பின்சக்கரத்தையும் மிதிப்பது சுழற்ற வேண்டுமா? ஒன்று போதுமா?

ஒன்று போதும். பெரும்பாலான எளிய வண்டிகளில் ஒரு சக்கரம்தான் அச்சோடு சுற்றும், மற்றது தன்போக்கில் உருளும். மணலிலும் சரளையிலும் அந்த ஒரு சக்கரம் வழுக்கும், மற்றபடி குறை இல்லை. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திரும்பும்போது இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றி, டயரைத் தேய்த்துக்கொண்டு, வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

இரண்டும் சுழல வேண்டும், திருப்பமும் சுலபமாக வேண்டும் என்றால் டிஃபரன்ஷியல் வேண்டும், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் விசை கொடுத்தபடியே அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்பு. இன்று கார்களில் இருக்கிற இந்த அமைப்பை, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மூன்று சக்கர மிதிவண்டிக்காகவே செய்தார். அதாவது கார் வருவதற்கு முன்பே.

கியர் தேவையா?

மேடு உள்ள இடமென்றால் தேவை. மூன்று சக்கரமாக்கியதும் வண்டி 20 கிலோவைத் தாண்டிவிடும். சாதா சைக்கிளில் பொதுவாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். அதே விகிதத்தில் சுமையோடு கிளம்புவது கால்களுக்குத் தண்டனை. கியர் இல்லாவிட்டாலும் பின்பல்லை 22 ஆக மாற்றினால் விகிதம் 2-க்கு இறங்கும்.

ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் வைத்த பழைய சைக்கிள் கிடைத்தால் புதையல். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. அந்த வகையில் பிரபலமானது. ¾, 1, 1⅓ என்று மூன்று விகிதங்கள். அந்த ஹப்பைச் சக்கரத்திலிருந்து பிரித்து, ஃபிரேமின் பழைய இடத்திலேயே பொருத்தி, அதன் ஓரத்தில் இன்னொரு பற்சக்கரம் இணைத்து, அங்கிருந்து இரண்டாவது செயினைப் பின் அச்சுக்கு ஓட்டலாம். கைத்திறன் உள்ளவருக்கு இது நல்ல வழி. பின்பக்கம் பாழான வண்டி லாபம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இந்த ஹப் ஒன்றுதான் விலக்கு.

ஷாக் அப்ஸார்பர் வைத்த மலை சைக்கிள் எடுக்கலாமா?

பின்பக்க ஷாக் இருந்தால் கூடவே கூடாது. முன்ஃபோர்க்கில் மட்டும் என்றால், பழைய மலிவான ஃபோர்க்குகளின் கால்கள் பக்கவாட்டில் ஆடும். கெட்டியான இரும்பு ஃபோர்க்காக மாற்றிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். ஷாக் இல்லாத காலத்து 26 அங்குல இரும்பு மலை சைக்கிள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு.

பிறகு மோட்டார் வைக்கும் எண்ணம் இருக்கிறது. இப்போதே எதைப் பார்க்க வேண்டும்?

பலரும் முன்சக்கர ஹப் மோட்டார்தான் வைப்பார்கள். அதற்கு இரும்பு ஃபோர்க் கட்டாயம், அச்சு திரும்பிவிடாமல் பிடிக்க ஒரு தாங்கு கரமும் வேண்டும். அலுமினிய ஃபோர்க்கின் முனை பிளந்துகொள்ளும். கவிழும் கணக்கையும் மறக்க வேண்டாம். மோட்டார் வந்தால் வேகம் வரும், அகலம் அதோடு சேர்ந்து வருவதில்லை.

திருட்டு வண்டியாக இருக்குமோ?

பெரும்பாலும் கிராங்க் கூட்டின் அடியில் வரிசை எண் பொறித்திருக்கும். அதைச் சுரண்டி அழித்திருந்தால் வாங்காதீர்கள்.

சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர், மாற்றிய வண்டியில் ஏறியதும் தடுமாறுகிறார். வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. சைக்கிளில் உடம்பைச் சாய்த்துத் திருப்புவோம், இதில் ஹேண்டிலைத்தான் திருப்ப வேண்டும். சாய்கிற பழக்கம் உள்ளவர் சாய்வார், வண்டி சாயாது, உடனே பயம் வரும். சாலையின் ஓரச் சரிவுகூட வண்டியை இழுப்பதை உணர்வார். சைக்கிளே ஓட்டாதவர் சில சமயம் இவரைவிடச் சீக்கிரம் பழகிவிடுகிறார். அகலமான, நிமிர்ந்த ஹேண்டில்பார் இருந்தால் திருப்பச் சுலபம். வளைந்து கீழிறங்கும் பந்தய ஹேண்டிலை மாற்றிவிடுங்கள். வாகனங்கள் வராத சமதளத்தில், நடக்கிற வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகட்டும்.

பிடிக்காவிட்டால் பழையபடி இரண்டு சக்கரமாக்க முடியுமா?

கிட் பொருத்தியிருந்தால் முடியும். கழற்றிய பின்சக்கரம், பிரேக், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், செயினைத் துண்டித்திருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்து. வெல்டிங் வைத்த ஃபிரேமைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சி வேண்டாம். அறுத்தெடுத்த இடத்தில் குழாய் சூடுபட்டு, ராவி மெலிந்திருக்கும்.